தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்குமா?

தனியாக வெளிநாடு போகும் பெண்களுக்கான ஆலோசனைகள் இப்போது நிறைய வருகின்றன. யூடியூபில், ரீல்ஸில், பெண்கள் பத்திரிகைகளில். பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வை, தோழிக்கு லொகேஷன் அனுப்பு, ராத்திரியில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதே. தப்பான ஆலோசனை எதுவும் இல்லை. ஆனால் யாரை மனதில் வைத்து எழுதியது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பாஸ்போர்ட் தன் கையில் இருக்கிற பெண். போன் தன் கையில் இருக்கிற பெண். பிடிக்கவில்லை என்றால் அடுத்த விமானத்தில் திரும்பிவிடக்கூடிய பெண்.

நாங்கள் வேலை செய்யும் கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சேரிகளிலிருந்தும் பெண்கள் தனியாக வெளிநாடு போகிறார்கள். குவைத், சவுதி, ஓமன், துபாய். வீட்டு வேலைக்கு. திண்டிவனத்தைத் தாண்டித் தனியாகப் பஸ் ஏறியிராத பெண், நேராகப் போய் விமானம் ஏறுகிறார். இவர்களைத் 'தனிப் பயணி' என்று யாரும் சொல்வதில்லை. 'அரபு நாட்டுக்குப் போனவ' என்பார்கள். அதை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் பெண்கள், நான்கு பேரும் அதே மாதிரித் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்கள். போகப்போகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அறிக்கையில் அதற்குப் 'புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி' என்று பெயர். உண்மையில் அவர்கள் கேட்பார்கள், நாங்கள் தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததை, போய்விட்டு வந்த இன்னொரு அக்காவைக் கூப்பிட்டு வந்து சொல்ல வைப்போம்.

அவர்கள் கேட்பது எந்த ஆலோசனைப் பட்டியலிலும் இல்லாத கேள்விகள்.

"அந்த வூட்ல ஆம்பளைங்க எத்தினி பேரு?"

"நான் படுக்கற ரூமுக்குத் தாழ்ப்பா உள்பக்கம் இருக்குமா, வெளிப்பக்கமா?"

"தூரம் ஆனா நாப்கின் யாரு வாங்கியாருவா? எந்த பாஷைல கேக்கறது?"

"புள்ளைக்கு ஜுரம்னா எங்கிட்ட சொல்லுவாங்களா, சொன்னா அழுவேன்னு மறைச்சிடுவாங்களா?"

"செத்துட்டா பொணத்த அனுப்புவாங்களா பாப்பா?" இதை எப்போதும் யாராவது சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். மற்றவர்களும் சிரிப்பார்கள். பதிலுக்காக எல்லாரும் காத்திருப்பார்கள்.

எம்.ஏ. படிக்கும்போது 'புலம்பெயர்தலின் பெண்மயமாக்கம்' என்று ஒரு பாடம் வந்தது. இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அதில் இல்லை. எங்கள் நோட்டில் இப்போது இவற்றுக்கென்றே தனிப் பக்கங்கள் இருக்கின்றன.

இந்தக் கேள்விகளை வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது. பதில் தெரியாத நிலை எங்கோ உருவாக்கப்படுகிறது. அது எங்கே என்று பார்க்க வேண்டும். அது பாஸ்போர்ட்டிலேயே தொடங்குகிறது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் 'ஈ.சி.ஆர்.' வகை. அதாவது வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் முன்அனுமதி வேண்டும். நம் தெருக்களில் எட்டாவதோடும் ஒன்பதாவதோடும் பள்ளியை விட்ட பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கரும்பு வெட்டப் போன அப்பா அம்மாவோடு போனவர்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றவர்கள், வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவர்கள். பதினான்கு வயதில் விட்ட பள்ளி, முப்பத்தைந்து வயதில் ஈ.சி.ஆர். என்ற மூன்றெழுத்தாக எதிரே வந்து நிற்கிறது.

அதற்கு மேல் வயதுக் கட்டுப்பாடு. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண் 30 வயதுக்குக் கீழே என்றால் இந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுமதி கிடையாது. அதே பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஆணுக்கு அந்தத் தடை இல்லை. 2016 ஆகஸ்ட் முதல் இன்னொரு விதியும் வந்தது: இந்தப் பெண்களைத் தனியார் ஏஜெண்டுகள் அனுப்பக் கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் அது அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நோக்கம் பாதுகாப்பு என்கிறார்கள். ஏஜெண்டுகள் செய்த அநியாயத்தைப் பார்த்தவர்கள் என்ற முறையில் அந்த நோக்கத்தை நாங்கள் கேலி செய்ய மாட்டோம்.

ஆனால் நடப்பது வேறு. அரசு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஏஜெண்டின் ஆள் ஊரிலேயே, பெட்டிக்கடை வாசலில் இருக்கிறார். மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை வாரா வாரம் கதவைத் தட்டுகிறது. ஏஜெண்டு ஒரு சுற்றுலா விசா எடுத்துத் தருகிறார். சுற்றுலா போகிறவருக்கு வேலைக்கான முன்அனுமதி தேவையில்லையே. விமான நிலையத்தில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கிறார்: "தங்கச்சி புள்ள பெத்திருக்கா, பாக்கப் போறேன்." 28 வயதுப் பெண்ணுக்கு ஆதாரில் வயதை ஏற்றிக் கொடுத்த கதையும் எங்களுக்குத் தெரியும்.

இப்படிப் போவதால் இழப்பது என்ன என்று அந்த நேரத்தில் யாரும் சொல்வதில்லை. முறையாக அனுமதி பெற்றுப் போகிறவருக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். 275 ரூபாய் கட்டினால் இரண்டு வருடத்துக்கு, 375 ரூபாய் கட்டினால் மூன்று வருடத்துக்கு. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம். சுற்றுலா விசாவில் போனவருக்கு இது கிடையாது. எந்த வீடு, என்ன சம்பளம், யார் முதலாளி என்று காட்டும் ஒப்பந்தம் அரசிடம் பதிவாகாது. அங்கே இருக்கும் நம் தூதரகத்தின் கணக்கில் அவர் வேலைக்கு வந்தவரே இல்லை. "அந்த வூட்ல ஆம்பளைங்க எத்தினி பேரு" என்ற கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். எந்த வீடு என்றே போய் இறங்கும்வரை அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சில சமயம் எந்த நாடு என்றும் தெரியாது. துபாய் என்று போனவர் ஓமனிலிருந்து போன் செய்திருக்கிறார்.

பெண்ணைப் போகவிடாமல் தடுப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிற சட்டம், அவர் எப்படியும் போவார் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தும் இப்படித்தான் யோசிக்கும்.

போய் இறங்கிய பிறகு கபீல். அதாவது விசா கொடுத்த முதலாளி. அங்கே தங்கும் உரிமை அவர் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். இது அங்கேயும் சட்டப்படி தப்பு. குவைத்தில் 2015ஆம் ஆண்டு வந்த வீட்டுத் தொழிலாளர் சட்டம் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு, நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் வீட்டுக்குள்ளே வந்து மணி பார்ப்பவர் யார்? சொல்லாமல் வெளியேறினால் 'ஓடிப்போனவள்' என்று முதலாளி புகார் கொடுக்கலாம். அதோடு இக்காமா, அதாவது தங்கும் அனுமதி, செல்லாமல் போகிறது. அடி வாங்கியவர் குற்றவாளியாகிவிடுகிறார்.

2015இல் ரியாத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருவரின் கை துண்டானது நினைவிருக்கலாம். அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் கண்டித்துப் பேசினார். முதலாளி தரப்புதான் வெட்டியது என்றது குடும்பம். தப்பிக்கும்போது விழுந்து ஏற்பட்ட காயம் என்றது சவுதி போலீஸ். செய்திகள் முழுக்க எது உண்மை என்ற விவாதமாகவே இருந்தது. எங்கள் கூட்டத்தில் அந்தச் செய்தியை வாசித்தபோது ஓர் அம்மா கேட்டார்: "ரெண்டு பேரு சொல்றதுலயும் அந்தம்மா வெளிய வரத்தான பாத்துருக்கு? ஏன் வாசப்படி வழியா வர முடில?" அந்தக் கேள்வியை எந்தப் பத்திரிகையிலும் நாங்கள் பார்க்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டும் ஏன் போகிறார்கள் என்று கல்லூரித் தோழர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. கடன் ஒரு காரணம், எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொன்றைப் போய் வந்தவர்கள் சொல்லித்தான் நாங்கள் புரிந்துகொண்டோம். ஊரில் இவர்கள் வேலை செய்த வீடுகளில் பின்வாசல் வழியாகப் போய், மாட்டுக்கொட்டகை கூட்டி, துணி துவைத்துவிட்டு வந்தவர்கள். அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. குவைத்தில் அந்தக் குடும்பம் முழுக்க இவர் கையால் சமைத்ததைத்தான் சாப்பிட்டது. "அடிச்சாங்க, திட்டுனாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா நான் தொட்ட சோத்தத் தின்னாங்க" என்றார் ஒருவர். இதைப் பெருமையாகச் சொன்னாரா, கசப்பாகச் சொன்னாரா என்று எங்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க ஒரு தலித் பெண் வந்ததற்கு ஆதிக்கச் சாதியினர் என்ன செய்தார்கள் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசு சம்பளம் வாங்கிக்கொண்டு, சொந்த மாவட்டத்தில், சாம்பார் வைக்க ஒரு பெண் போராட வேண்டியிருந்தது.

அரபு வீடுகளை நாங்கள் நல்லவையாகக் காட்டவில்லை. அங்கே இனம், நிறம், நாடு பார்த்துச் சம்பளம் போடுகிறார்கள். அங்கே இருக்கும் இந்தியக் குடும்பங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களோ வேறு கதை சொல்கிறார்கள். "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? மாரியம்மன் கோயிலுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?" கடல் தாண்டிப் போயும் கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். பதில் வந்ததும் தனித் தட்டு வந்துவிடும்.

இதைப் படிக்கும் தங்கைகளில் சிலர் நாளை படிக்க வெளிநாடு போகலாம். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் 125 இடங்கள் இருக்கின்றன. அதில் 30 விழுக்காடு பெண்களுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய படிப்புகளை அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதாவது சாதியைப் பற்றி ஆராய வெளிநாடு போக விரும்பினால் அந்தப் பணம் கிடைக்காது. போனவர்கள் எங்களிடம் சொல்லும் கவலைகள் வீட்டு வேலைக்குப் போனவர்களின் கவலைகள் அல்ல. அறை தேடும் வாட்ஸப் குழுவில் 'சுத்த சைவம் மட்டும்' என்ற வரியைப் பார்த்ததும் விரல் நின்றுவிடுகிறது என்றாள் ஒருத்தி. தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்து அறையிலேயே இருந்துவிட்டாள் இன்னொருத்தி. தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஊர்க்காரர்கள்தான் துணை என்பார்கள். நமக்கு ஊர்க்காரர்களைக் கண்டால் முதலில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி எல்லாப் பெண்களுக்கும் உண்டு. கூப்பிட்டால் வருகிறவர் நம்மை யாரென்று தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பது நமக்கு மட்டும் கூடுதலாக இருக்கிறது.

அதனால் தங்கைகளுக்கு நாங்கள் சொல்வது, போகும் ஊரில் சட்டம் எங்கே நிற்கிறது என்று போகும் முன்பே பாருங்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். பிரிட்டனில் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013இலேயே நாடாளுமன்றம் சொல்லியும், சேர்க்கப்போவதில்லை என்று அரசு 2018இல் அறிவித்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் விதிகளில் 'சாதி' என்ற சொல் இருக்கிறதா என்று சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

வீட்டு வேலைக்குப் போகிறவர்களோடு நாங்கள் செய்வது இன்னும் சின்னச் சின்ன வேலைகள். போன் எண்ணை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். போனைப் பிடுங்கிவிடுவார்கள், எண் எழுதிய காகிதத்தையும் கிழித்துவிடுவார்கள். மண்டையில் இருப்பதைப் பிடுங்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்து எண்களை நடவுப் பாட்டு மெட்டில் ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார் எங்களில் மூத்தவர். நாற்பத்தாறு வயது அம்மா ஒருவர் இரண்டே நாளில் மூன்று எண்களைப் பாடிக் காட்டினார். பாஸ்போர்ட், விசா, ஏஜெண்டு கொடுத்த ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஊரில் இரண்டு பேரிடம் வைக்கிறோம். அதில் ஒருவர் கணவராக இருக்கக் கூடாது என்பது எங்கள் அனுபவம். வெளியுறவுத் துறையின் இலவச உதவி எண், புகார் பதிவுசெய்யும் 'மதத்' இணையதளம், சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை, இவற்றின் விவரங்களைத் தமிழில் ஒரே அட்டையில் எழுதிக் குடும்பத்திடம் கொடுக்கிறோம். சுற்றுலா விசாவில் போனவரும் இந்தியக் குடிமகள்தான். தூதரகம் உதவ மறுக்க முடியாது. ஆதரவற்றுத் தவிப்பவர்களுக்காக 2009 முதல் தூதரகங்களில் ஒரு நலநிதி இருக்கிறது. தங்க வைக்கவும், டிக்கெட் எடுக்கவும், பாஸ்போர்ட் இல்லாதவருக்கு அவுட்பாஸ் கொடுத்து அனுப்பவும் வழி உண்டு. கேட்டால்தான் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

போனில் பேச ஒரு அடையாளச் சொல்லும் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். முதலாளிக்குத் தமிழ் தெரியாது, வெளிப்படையாகவே பேசலாம். ஆனால் பல சமயம் ஏஜெண்டின் ஆபீசிலிருந்துதான் பேச விடுவார்கள், அங்கே தமிழ் தெரிந்தவன் உட்கார்ந்திருப்பான். ஒரு குடும்பம் "கறுப்பு ஆடு குட்டி போட்டுச்சா?" என்று வைத்துக்கொண்டது. அவர்களிடம் ஆடே கிடையாது. அந்தக் கேள்வி வந்தால் உடனே எங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாள் வந்தது. ஐந்து மாதம் அலைந்து அந்தப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

தாழ்ப்பாள் கேள்விக்குப் போய் வந்தவர்கள்தான் பதில் சொல்கிறார்கள். சில வீட்டில் இருக்கும், சில வீட்டில் இருக்காது. சில இடத்தில் ரூமே இருக்காது, சமையலறையில் பாய். எவர்சில்வர் தட்டைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தால் திறக்கும்போது சத்தம் வரும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு நாட்டின் குடிமகள் பாதுகாப்புக்குத் தட்டை நம்பிப் போகிறாள் என்பதை அந்த நேரத்தில் எங்களால் எழுந்து பேச முடிவதில்லை. தட்டின் அளவைத்தான் விசாரிக்கிறோம்.

அரசிடம் நாங்கள் கேட்பவை புதியவை அல்ல. பெண்ணுக்கு மட்டும் வைத்திருக்கும் வயதுத் தடையை எடுங்கள். அரசு வேலைவாய்ப்பு நிறுவனம் மாவட்டந்தோறும் வரட்டும், ஏஜெண்டு நிற்கும் பெட்டிக்கடைவரை வரட்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். வீட்டுத் தொழிலாளர்களுக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. உள்ளூரில் வீட்டு வேலை செய்யும் பெண்ணையே தொழிலாளியாக மதிக்காத நாடு, குவைத்துக்காரரிடம் போய் என்ன கேட்க முடியும்?

திரும்பி வந்தவர்களின் கவலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. "அங்க என்னென்ன பண்ணிட்டு வந்தாளோ" என்ற பேச்சு அவர்கள் பெட்டியை இறக்கும் முன்பே தெருவில் நடக்கிறது. நம் தெருவிலும்தான். மேடையில் பெண்விடுதலை பேசும் தம்பிகள் டீக்கடையில் இதைப் பேசியதை நாங்கள் காதால் கேட்டிருக்கிறோம். போகும் முன் தன் பெயரில் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள் என்று இப்போது கட்டாயமாகச் சொல்கிறோம். நான்கு வருடம் கணவரின் கணக்குக்கு அனுப்பிய ஒருவர் திரும்பி வந்தபோது, கடன் அடைந்திருந்தது, பைக் ஒன்று நின்றது, பணம் இல்லை.

அவர் மறுபடி போகிறார். இந்த முறை சென்னை அலுவலகம் வரைக்கும் எங்களோடு வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர் என்பதால், விண்ணப்பித்தால் அவருடைய பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். நீங்கிவிடும். "பத்தாவது பாஸ் பண்ணவங்களுக்குத் தர்ற மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயட்டும் என்று ஊதினார்.